மெட்டுக் காப்பி

அன்று மதுரை மைதானத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் காமயகவுண்டன்பட்டியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பயந்துவிட்டாளாம். தலை சுற்றிவிட்டதாம். வீரபாண்டி ஆத்தா முறைத்துப் பார்த்துவிட்டாளாம். சொல்லட்டும், வாய் வலித்தால் தானாக நிறுத்துவார்கள். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்து வேர்க்கும், பிறகு வார்த்தை தடித்துவிடும். அதனால்தான் தெருவில் யாரிடமும் வாயைக் கொடுக்காமல் இருக்கிறேன். ஒரு தடவை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிட்டால் எனக்காவது நிம்மதி.

என் பெயர் ஹேமாவதி. வீட்டில் நானும் அம்மா மொக்கம்மாளும் மட்டும்தான். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அம்மா விடியுமுன் ஜீப் ஏறி, கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போவாள். ஜீப் கம்பம் மெட்டு மலைச்சாலை ஏறி மேலே நின்றதும் பெண்கள் எல்லோரும் இறங்கி, ஆளுக்கு ஒரு டம்ளர் கட்டன் காப்பி குடித்துவிட்டுத்தான் சரிவில் கால் வைப்பார்கள். பால் கிடையாது. கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டு, கரண்டி நிற்கிற அளவுக்குத் தூள் போட்டது. அதற்கு மெட்டுக் காப்பி என்று பெயர். அம்மாவின் பிளாஸ்க்கில்தான் அது திடமாக இருக்கும் என்று ஜீப்பில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் காப்பி போடமாட்டாள். வேலை இல்லாத நாளைக்கு எதுக்கு வீணா என்பாள். அன்று முழுக்கச் சுவரோரம் காலை நீட்டிப் படுத்தே கிடப்பாள். தண்ணீர் கேட்டால்கூட என்னைத்தான் ஏவுவாள்.

"ஞாயித்துக்கெழம வந்தா ஒனக்கு மகாராணின்னு நெனப்பு" என்று நான் கேலி செய்வேன்.

"ஆமாடி, நீ போலீசானதும் தெனம் இப்பிடித்தான் படுத்துக்கெடப்பேன்" என்பாள்.

அதுதான் எங்கள் கணக்கு. எழுத்துத் தேர்வில் பாஸாகியிருந்தேன். உடல்தகுதித் தேர்வில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றையும் முடித்தால் பெண் காவலர் வேலை. வேலை கிடைத்தால் அம்மா ஜீப் ஏற வேண்டாம். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். ஆகவே இதுதான் கடைசி.

பள்ளிக்கூட மைதானத்தில் எங்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தது விஜய்ராஜ் அண்ணன். செல்போன் கடை வைத்திருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் இதே தேர்வுக்கு ஓடியவர்தான், கடைசித் தடவை நூலிழையில் விட்டுவிட்டார். தை மாதத்தில் ஒருநாள் நான் வலது காலைத் தாங்கித் தாங்கி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்ன ஹேமா, நொண்டுற?"

"கெண்டக்காலுக்கு முன்னாடி வலிக்கிதுண்ணே. முழங்காலுக்குக் கீழ, எலும்பு மேல."

"ஓடுனா வலிக்கத்தான் செய்யும். காப்பி குடிச்சுட்டு அரமணி நேரம் கழிச்சு ஓடு. வெளிநாட்டு ஓட்டக்காரங்கெல்லாம் அப்பிடித்தான் ஓடுறாகளாம், ஃபோன்ல பாத்தேன். காப்பியில இருக்க கேஃபின், வலி மூளைக்கித் தெரியாமப் பாத்துக்கிருதாம். ஊசி இல்ல, மாத்திரை இல்ல, ஒரு தப்பும் இல்ல."

மறுநாள் முதல் அம்மா பிளாஸ்க்குக்கு ஊற்றியது போக மீதியில் எனக்கு ஒரு பெரிய டம்ளர். பொய் சொல்லக்கூடாது, வலிக்குக் கேட்டது. கேட்டது என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. மைதானத்தில் இறங்கும்போது கால் என் காலாகவே இருக்கும். மூச்சு நீளும், எட்டு அகலமாக விழும். முன்பெல்லாம் இரண்டு சுற்றில் சுருண்டு உட்கார்ந்தவள், அதற்குமேல் ஒரு சுற்றும் கேட்டு வாங்கி ஓடினேன். சாயங்காலம் வலி எட்டிப் பார்க்கும். அப்போது இன்னொரு டம்ளர். தூக்கம் குறைந்தது, கோபம் கூடியது, அவ்வளவுதான். விஜய்ராஜ் அண்ணன் என் நேரத்தைப் பார்த்துவிட்டு, "நீ உள்ள போயிட்டன்னே வச்சுக்க" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்படி இருக்கையில் சித்திரை பிறந்தது. வீரபாண்டி ஆத்தா கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். அம்மா போய் முல்லையாற்றில் தண்ணீர் மோந்து கம்பத்துக்கு ஊற்றிவிட்டு, கையில் காப்புக் கட்டிய மஞ்சள் கயிற்றோடு வந்தாள். நான் தேர்வாகிவிட்டால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். சரி, எடுக்கட்டும். அதோடு விட்டாளா? ஓட்டம் முடிகிற வரைக்கும் வீட்டில் காப்பியே கிடையாது என்றாள். அவளும் குடிக்கமாட்டாள், நானும் குடிக்கக்கூடாது.

எனக்குக் கழுத்து வேர்த்துவிட்டது. "கறிய விடு, மீன விடு. காப்பிய எதுக்கு விடணும்?"

"கறிய என்னைக்கி நம்ம தெனம் தின்னோம்? புடிக்காதத விட்டா ஆத்தாளுக்கு அதுல என்ன இருக்கு? உசுரா இருக்கத விட்டாத்தான் அவ திரும்பிப் பாப்பா."

"நீ வேண்டிக்கிட்ட, நீ விடு. என்னைய எதுக்கு இழுக்குற?"

"ஓடப்போறது நீதானடி."

காப்புக் கட்டியவளிடம் என்ன பேசுவது? அவள் தூள் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். திருட்டுத்தனமாகக் கடையில் குடித்திருக்கலாம். ஆனால் அவள் கையில் மஞ்சள் கயிற்றைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

முதல் இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து வலது காலைக் கீழே வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரு புள்ளியில், ஆணி இறங்கியதுபோல் இருந்தது. அங்கே லேசாக வீங்கியும் இருந்தது. மைதானத்துக்குப் போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தால், அங்கே அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்க்கிறாள். எழுந்திருக்க முடியவில்லை. அவளுடைய இரண்டு முட்டியும் உப்பிக் கிடந்தன.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. டிரைவர் மாரிசெல்வம் இறங்கி வந்து பார்த்துவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பின்பக்கப் படியில் ஏற்றினான்.

"இன்னைக்கி ஒருநா இருங்களேன் அத்த."

"இருந்தா வேற ஆளப் போட்டுருவாக. நீ வண்டிய எடு" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு மலையம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். சாயங்காலமே வந்துவிட்டாள். "வேண்டுதல் வச்ச வீட்டுல தீட்டுக் கலந்துருச்சு மொக்கம்மா. அதான் ரெண்டு பேரு காலையும் ஆத்தா கட்டிப்புட்டா" என்றாள். அம்மாவும் நம்பினாள். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து என் காலிலும் தன் காலிலும் ஊற்றினாள். "தெரியாமச் செஞ்சிருந்தா மன்னிச்சுக்க தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. காப்பி குடித்தபோது இல்லாத வலி, சாமிக்கென்று விட்டதும் வந்தால் வேறு என்ன நினைப்பது?

ஆனாலும் மனசு கேட்காமல், அம்மா தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் கம்பத்துக்குப் பஸ் ஏறி ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு நாளா வலி?"

"தை மாசத்துல இருந்து."

"இதோட எப்படிம்மா ஓடுனீங்க?"

"காப்பி குடிச்சுட்டு ஓடுனேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஓடி அலுத்த சதை வலிக்குக் காப்பி குடிக்கிறதுல பெரிய தப்பில்ல. கொஞ்சம் தாங்கும். அந்த வலி ரெண்டு மூணு நாள்ல தானாவே போயிடும். இது சதையில்ல, எலும்பு. விரிசல் விட்டிருக்கு. முதல்லயே நின்னிருந்தா தானா ஒட்டியிருக்கும். நீங்க அது மேலேயே ஓடிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"காப்பிய விட்டதுக்கப்பறம்தான் இம்புட்டு வலி வந்துச்சு. சாமி குத்தமோன்னு வீட்டுல..."

"வலி அங்கேயேதான் இருந்துச்சு, உங்களுக்குத் தெரியல. தலைவலி மட்டும்தான் காப்பியை விட்டதால வந்தது. சாமிதான் காட்டிக் கொடுத்துச்சுன்னு வேணும்னா வச்சுக்கோங்க." பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "இனி ஓடுனா முறிஞ்சிடும். முறிஞ்சா கம்பி வைக்கணும். அப்புறம் ஓட்டம் இல்ல, நடையே பழைய நடையா இருக்காது."

தேர்வு அடுத்த வாரம். கம்பம் பஸ் ஸ்டாண்டில் திராட்சைக் கூடைக்காரிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ஒருத்தி, "யாரு செத்தாக?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

அம்மாவிடம் சுளுக்கு என்று சொல்லிவைத்தேன். விஜய்ராஜ் அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காரச் சொன்னார்.

"மொத்த ஓட்டமும் சில நிமிசம்தான் ஹேமா. அதுவரைக்கும் கால் தாங்கும். நல்லாத் திடமா ஒரு காப்பி அடிச்சுட்டு எறங்கு. வலி தெரியாது. வேல கெடச்சப்பறம் வைத்தியம் பாத்துக்க."

"முறிஞ்சுபோச்சுன்னா?"

"முறியாமப் போகவும் வாய்ப்பு இருக்குல்ல."

"ஒங்க காலா இருந்தா இப்பிடிச் சொல்வீகளா?"

"என் காலா இருந்தா ஓடியிருப்பேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்குள் தங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆத்தாளாவது காப்பாவது. மதுரையில் இறங்கியதும் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கடையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஓடிவிடுவது. கால் போனால் போகட்டும், அவள் ஜீப்பை விட்டு இறங்கினால் போதும்.

தேர்வன்று விடியற்காலைப் பஸ்ஸில் அம்மாவும் வந்தாள். வரவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. படியில் ஏறும்போது கண்டக்டர் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். தேனி, ஆண்டிபட்டி தாண்டி மதுரை வரைக்கும் மடியில் ஒரு துணிப்பையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

மைதானத்து வாசலில் பெற்றவர்கள் கூட்டம். ஒரு வேப்பமர நிழலில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று டீக்கடைப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

"எங்கன போற? இரு" என்றாள்.

துணிப்பையைத் திறந்தாள். பிளாஸ்க் இருந்தது. மூடியைக் கழற்றியதும் சுக்கு வாசமும் காப்பி வாசமும் சேர்ந்து வந்தன. டம்ளர் நிறைய ஊற்றி என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையில் மஞ்சள் கறை மட்டும்தான் இருந்தது, கயிறு இல்லை.

"காப்பு எங்கம்மா?"

"அவுத்து முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். நீ ஓடிட்டு வந்ததும் கட்டிக்கிருவேன்."

"ஆத்தா கோவிக்கமாட்டாளா?"

"என்னையத்தான கோவிப்பா. கோவிச்சுட்டுப் போறா." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒன் கால நான் பாக்கலன்னு நெனச்சியா? சுளுக்குக்கு யாராச்சும் தூக்கத்துல அழுவாகளா? குடி. குடிச்சா வலி தெரியாது. இத்தன வருசமா நான் எப்பிடி மேடு ஏறுனேங்குற?"

டம்ளரை வாங்கினேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. நான் கடைக்குப் போய்த் திருட்டுத்தனமாகக் குடிக்க நினைத்ததை அவளே சாமியைப் பகைத்துக்கொண்டு கொண்டுவந்திருக்கிறாள். வாய்வரை கொண்டுபோனேன். அப்போது அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கை பாட்டுக்குத் தேய்த்தது. சுவரோரம் அவள் படுத்துக்கிடந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மகாராணி என்று நான் சொன்னதும் வந்தது.

"ஒனக்கு எப்பருந்தும்மா முட்டி வலிக்கிது?" என்று கேட்டேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள். விரலை மடக்கிப் பார்த்தாள், அப்பா இருந்த காலத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள்.

"தெரியலயே ஆத்தா" என்றாள். "குடிச்சுக்கிட்டே இருந்தேன்ல. எப்ப வந்துச்சுன்னு தெரியல."

காப்பியைத் திரும்பப் பிளாஸ்க்கில் ஊற்றினேன். "வேணாம்மா. வலி தெரியட்டும், தெரிஞ்சே ஓடுறேன்."

"பைத்தியமாடி ஒனக்கு?"

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

முதலில் ஓட்டம், மைதானத்தை ஒரு சுற்று. விசில் அடித்ததும் ஓடினேன். தொடக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டேன். இரண்டு பேரை முந்தவும் செய்தேன். எதிர்ப்பக்க வளைவில் கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி பேச ஆரம்பித்தது. அந்த வலி அந்த ஒரு வாரத்தில் எனக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. அது எப்படி இருக்கும், எங்கே நிற்கும் என்று தெரியும். வளைவு முடியும் இடத்தில் அது மாறியது. மேலே ஏறியது. இன்னும் கொஞ்சம் ஓடினால் உள்ளே ஒன்று இரண்டாகிவிடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காப்பி குடித்திருந்தால் தெரிந்திருக்காது.

முடிவுக்கோடு கண்ணுக்கு எதிரே இருந்தது. ஜீப்பின் பின்பக்க இரும்புப் படியும் கண்ணுக்கு எதிரே இருந்தது. ஓடு ஓடு என்று என்னை நானே திட்டினேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடாவிட்டால் அம்மா முட்டி போகும், ஓடினால் என் கால் போகும். கால் போய்விட்டால் இரண்டு பேரையும் யார் தூக்குவது? ஓட்டம் நடையானது. நடை நின்றது. கோட்டை விட்டு விலகிப் புல்லில் வந்து நின்றேன். நான் முந்தியவர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

ஒரு பெண் காவலர் ஓடிவந்தார். "என்னாச்சும்மா, கீழ விழுந்தியா?"

"விழலைங்க" என்றேன். "நானாத்தான் நின்னேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தோளைத் தொட்டு வெளியே போகும் வழியைக் காட்டினார்.

அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீக்கிரம் வந்துவிட்டேன் என்பதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதை அப்போதுதான் சொன்னேன். எலும்பு, விரிசல், கம்பி, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதச் சொல்லாம மறச்சியே. தெரிஞ்சிருந்தா நானா அதக் கொண்டாந்திருப்பேன்" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணைத் தூக்கிச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கம்பம் வண்டி நின்றது. அம்மா படியில் இடது காலை வைத்தாள், உடம்பை மேலே தூக்க முடியவில்லை. வலது காலை வைத்துப் பார்த்தாள். என்னால் அவளைத் தூக்கிவிட முடியாது. கண்டக்டர் எங்கோ டீ குடிக்கப் போயிருந்தார். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் படிக்கே இப்பிடின்னா நாளைக்கி ஜீப்புல எப்பிடி ஏறுறதுன்னு தெரியல" என்றாள்.

"நாளைக்கிப் போகாத."

"போகாம?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நான் ஏதாவது வழி சொல்வேன் என்று நிஜமாகவே காத்திருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள். "ஓட்டம் முடிஞ்சிருச்சுல்ல. இனி குடிச்சாத் தப்பில்ல, ஊத்து."

துணிப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். நான் வேண்டாம் என்று திருப்பி ஊற்றிய காப்பியை அதே டம்ளரில் நிறைய ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பஸ் புறப்பட அரை மணி நேரம் இருந்தது, உட்கார்ந்திருந்தோம். பிறகு கண்டக்டர் விசில் கொடுத்ததும், அம்மா கம்பியைப் பிடித்து எழுந்து, முகம் சுளிக்காமல் ஏறிப்போய் ஜன்னலோரம் எனக்கும் சேர்த்து இடம் போட்டாள். நான் அவள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஏறினேன்.